வாய்த்தட்டு

முதல் தப்பை மெஷினுக்குள் விழுந்த அன்று கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். அண்ணாதுரை, அவர் மகன் மணிவேல், மணிவேலின் மனைவி செல்வி. அந்தப் பழைய ரம்ப மெஷினைத் திருப்பதியிலிருந்து கொண்டு வந்து இறக்கிய ஹரிபாபு, டீ குடித்துவிட்டு முன்பே வண்டியேறிப் போய்விட்டான். நான்காவது ஆள் யாரும் இல்லை.

ரம்பத்தின் பல்லைத் தாண்டி வந்த மூங்கில் தப்பை, குழந்தையின் முன்கைக்குச் சீவிய மெல்லிய துண்டு, மேஜையின் நடுவில் பிளேடு எட்டிப் பார்க்கும் அந்த நீளத் திறப்பில் தலைகுப்புறச் சாய்ந்து உள்ளே போய்விட்டது. மெஷினின் வயிறு தகரப் பெட்டி. ஒரு சோளப்பொரி விழுந்தாலும் சத்தம் கேட்கும். அண்ணாதுரை சுவிட்சை அணைத்துவிட்டு, பிளேடு சுழன்று ஓயும் வரை காது கொடுத்து நின்றார்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ உள்ளங்கையில் வாங்கிக்கொண்டது போல இருந்தது.

கை கால் முறிந்தவர்கள் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே கட்டுப் போடும் வீடுகளில் ஒன்றுக்கு, கட்டுக்குள் வைக்கும் தப்பையை மூன்று தலைமுறையாகச் சீவிக் கொடுப்பது நகரியில் இருக்கும் இந்த வீடு. சுற்றிலும் பவர்லூம் ஓடும் தெருவில் இந்த ஒரு வீட்டில் மட்டும் மூங்கில் வாசனை. புத்தூரிலிருந்து அளவு நூலாக வரும். முறிந்த கையின் நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல், அதில் இரண்டு முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு வைத்து வெட்டினால் தப்பை ஆளுக்குப் பொருந்தும். இந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முறிந்த ஆள் இல்லாமல் அளவு எடுக்கக் கூடாது. அளவு வெட்டிவிட்டால், அந்த அளவுக்கு ஒரு முறிவு வந்து சேரும் என்று அண்ணாதுரையின் அப்பா சொல்வார். அண்ணாதுரை அதை யாருக்கும் தளர்த்தியதில்லை. மணிவேல் சின்ன வயதில் விளையாட்டுக்குத் தன் காலை அளந்ததற்கு முதுகில் அடி வாங்கியிருக்கிறான்.

கத்தியால் சீவிய வரையில் குறை வந்ததில்லை. தேவை பெருகியதால் மெஷின் வாங்கினார்கள். மெஷின் வந்ததும் பிசிறு வந்தது.

புத்தூரிலிருந்து ரங்கையா போன் செய்தார். கட்டு வீட்டின் பெரியவர்.

“அண்ணாதுரை, ஒரு பாப்பாவுக்குக் கட்டு பிரிச்சா தோல்ல சிலாம்பு ஏறிக்கினு இருக்குது. உங்க வூட்டு தப்பையில சிலாம்பா? எனக்கே கேக்க கூச்சமா இருக்குது.”

“இருக்காது.”

“இருக்குது பா. தப்பையெல்லாம் கட்டோட திருப்பி அனுப்பிச்சிருக்கேன், பாரு. எங்க பசங்க பிளாஸ்டிக்குக்கு மாறிடலாம்னு சொல்லிக்கினு இருக்கானுங்க. நான்தான் புடிச்சி நிறுத்தி வச்சிக்கினு இருக்கேன்.”

திரும்பி வந்த தப்பைக் கட்டை அண்ணாதுரை யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். அடிப்பக்கம் முழுவதும் முள் முள்ளாக நார் கிளம்பியிருந்தது. விரலில் ரத்தம் வந்ததும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்பாவின் பெயரை யாரோ நடுத்தெருவில் வைத்து ஏசினது போல இருந்தது அவருக்கு.

மணிவேலுக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிறன்று வந்து மெஷினைக் குனிந்து பார்த்தான்.

“நைனா, இந்த வாயைப் பாரு. பிளேடுக்கு ரெண்டு பக்கமும் கையே போற சந்து. அடியில தாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் நார் கிழிஞ்சிக்கினு வருது, சின்ன துண்டு உள்ள பூந்துடுது. ஜீரோ கிளியரன்ஸ் தட்டுன்னு ஒண்ணு இருக்குது. பிளேடு எவ்ளோ தடிமனோ அவ்ளோதான் கீறல் இருக்கும். மயிரு அளவு கூட சந்து இருக்காது.”

“எங்க கெடைக்கும்?”

“ஹரிபாபுவைக் கேளு.”

ஹரிபாபுவின் கடை திருப்பதியில் ரயிலடிக்குப் பின்னால். அண்ணாதுரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், மற்ற வாடிக்கையாளர்கள் போகும் வரை நின்றார்.

“பெத்தாயனா, இது பழைய மாடல். இதுக்குத் தட்டு லேது, வராது. அன்னிக்கே சொன்னேனே.”

“முன்னாடி வச்சிருந்தவன் எப்படி வேலை செஞ்சான்?”

“வாய் தொறந்துதான் வச்சிருந்தான்.” ஹரிபாபு கல்லாவைத் திறந்து மூடினான். “தட்டு போட்டா தட்டுதுன்னு சொல்வான்.”

“சரியா உக்காராத தட்டு ஆடத்தான் செய்யும். வேலை தெரியாதவன்.”

ஹரிபாபு புதிதாக வந்த ஒருவர் பக்கம் திரும்பினான். அவருக்கு ஸ்க்ரூ எண்ண ஆரம்பித்தான்.

ஆன்லைனில் வரவழைத்த தட்டு வேறு மெஷினுக்கானது. வாயில் வைத்தால் ஒரு முனை உள்ளே விழுந்தது. சித்தூரில் லேத் பட்டறைக்காரர் அலுமினியத் தகட்டில் வெட்டிக் கொடுத்தார். மூலை வளைவு சேரவில்லை, அரத்தால் ராவியதும் எல்லாப் பக்கமும் லொடலொடத்தது. மணிவேலின் நண்பன் அக்ரிலிக்கில் கம்ப்யூட்டர் வைத்து அச்சாக வெட்டி அனுப்பினான். அது உட்கார்ந்தது. பிளேடை உயர்த்தியதும் பட்டென்று வெடித்து, ஒரு சில்லு செல்வியின் புடவையில் குத்தி நின்றது. ஒவ்வொரு முறையும் அண்ணாதுரை சட்டை மாற்றி, பஸ் ஏறி, கூட்டத்தில் நின்று, கைப்பையில் ஒரு பயன்படாத தட்டோடு திரும்பினார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது போல நேராகக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

இதற்கிடையில் தப்பைகள் விழுந்துகொண்டே இருந்தன. சத்தமில்லாமல்.

ஒரு நாள் மெஷினின் அடிவயிற்றில் இருந்த தகரக் கதவைத் திறந்தார். உள்ளே மூங்கில் தூள் மட்டும்தான் இருந்தது. இத்தனை நாளும் விழுந்த தப்பையில் ஒன்று கூட இல்லை. தூள் குவிந்து கிடக்கவில்லை. மாவைக் கையால் தட்டித் தடவிச் சமன் செய்தது போல வழவழவென்று பரந்திருந்தது. அதிலிருந்து எழுந்தது மூங்கில் வாசனையும் அல்ல. பச்சை முட்டை. கசக்கிய இலை. புத்தூரில் கட்டுப் போடும் அறையின் வாசனை.

“செல்வி! கீழ இருந்த தப்பையெல்லாம் யாருக்குக் குடுத்தே?”

செல்வி கையில் கரண்டியோடு வந்து நின்றாள். “நான் ஏன் மாமா எடுக்கறேன்? அந்தக் கதவைத் தொறக்கறதே இல்ல. பக்கத்துல போனாலே முட்டை நாத்தம்.”

“இந்த வீட்டுத் தப்பை வெளியில போவக் கூடாது. போச்சுன்னா பேரு போச்சு.”

“பேரைத் தூக்கி பேங்க்ல வைங்க, பத்திரமா இருக்கும். நான் திருடின்னா சொல்லிடுங்க, போறேன்.”

மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது அவருக்குத் தெரியாது. அவள் போன பிறகு குனிந்து மறுபடி பார்த்தார். தூளின் மேல், ஓரத்தில், நான்கு சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. விரல் நுனி ஊன்றின மாதிரி. எலியாக இருக்கும் என்று கதவைச் சாத்தினார். எலிக்கு அவ்வளவு பெரிய கால் இல்லை என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் தட்டை அவரே செய்தார். பழைய தேக்குக் கதவின் துண்டு. அலுமினியத் தட்டை மேலே வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே அறுத்து, மூலையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வாய்க்குள் இறக்கினார். முதல் தட்டு ஒரு பக்கம் இறுக்கம், மறு பக்கம் தளர்வு. இரண்டாவதை இழைக்கும்போது நார் பிடுங்கியது. அடுத்ததில், பிளேடை எவ்வளவு தாழ்த்தினாலும் பல் பலகையின் அடியில் இடித்தது. உளியால் அடியில் பள்ளம் பறித்தார். சமம் பார்க்கச் சிறு ஸ்க்ரூக்களை அடியிலிருந்து முடுக்கினார். மேலே கட்டையை வைத்துக் கவ்வி போட்டு இறுக்கினார். சுவிட்சைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, பிளேடை மெல்ல உயர்த்தினார். தேக்கு எண்ணெய் மணத்தது. பலகைக்குள் ஒரு கனத்த முணுமுணுப்பு. பிறகு தட்டின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தானாகத் திறந்து நீண்டது.

அளவு நூல் ஒன்றை எடுத்து அந்தக் கீறலின் ஓரத்தில் நுழைத்துப் பார்த்தார். பிளேடுக்கும் பலகைக்கும் நடுவில் நூல் நுழையவில்லை.

சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அளவு இல்லை. கட்டு திரும்பி வந்ததிலிருந்து புத்தூரிலிருந்து நூல் வரவேயில்லை. இத்தனை வாரத்து எரிச்சலும் கையில் ஏறி நின்றது. அண்ணாதுரை மூங்கிலை எடுத்துத் தன் வலக்கையோடு வைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு கோடு. விரலுக்கு விரல் ஒரு கோடு.

வாசலில் நின்ற செல்வி பார்த்துவிட்டாள். “ஆளு இல்லாம அளவு எடுக்கறீங்களே மாமா.”

“சோதனைக்குத்தான்.”

“அவரு சின்ன வயசுல எடுத்ததுக்கு அடிச்சீங்களாம்.”

“உள்ள போ.”

வெட்டினார். ஒன்றும் உள்ளே விழவில்லை. வெட்டின ஓரம் கண்ணாடி போல இருந்தது. அடிப்பக்கம் கட்டைவிரலை ஓட்டினார், மறுபடி ஓட்டினார், கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். ஒரு பிசிறு இல்லை. பல நாளுக்குப் பிறகு அன்று நிமிர்ந்து நடந்தார். ரங்கையாவுக்குப் போன் போட்டு, “வந்து நேர்ல பாரு. எங்க அப்பா கையில சீவினதை விடச் சுத்தம்,” என்றார். முன்கைக்கு வேண்டியதும் விரல்களுக்கு வேண்டியதும் சேர்த்து ஒரு முழுக் கட்டாக வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

அதன் பிறகுதான் அது தொடங்கியது.

முதலில் சத்தமாகத் தெரியவில்லை. தெருவெல்லாம் தறி ஓடும்போது எந்தச் சத்தமும் தனியாகக் கேட்காது. மேஜையில் ஊன்றிய உள்ளங்கையில் லேசாக ஒரு துடிப்பு. மோட்டார் நின்ற பிறகும் இருந்தது. அப்போது மின்சாரம் போனது. தெரு முழுவதும் தறிகள் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதிக்குள் தட்டின் அடியிலிருந்து வந்தது.

டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

எங்கே முறிந்திருக்கிறது என்று பார்க்கக் கட்டுக்காரர்கள் இப்படித்தான் விரல் நுனியால் எலும்பின் மேல் தட்டிக்கொண்டே வருவார்கள்.

ஹரிபாபு சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டு போட்டா தட்டுது. அவர் பல்லைக் கடித்தார். ஈரத்தில் பலகை உப்பியிருக்கிறது. மழைக்காலம். அவ்வளவுதான். குனிந்து பார்த்தால், சமமாக இருந்த தட்டின் முன் ஓரம் மயிரிழை உயர்ந்திருந்தது. ஸ்க்ரூவை முடுக்கி இறக்கினார். காலையில் மறுபடி உயர்ந்திருந்தது. எடுத்து அடியை இழைத்தார். மத்தியானம் மறுபடி. தட்டின் பின்பக்கம் ஆணி வைத்துப் பிடித்தார். இந்த முறை பக்கவாட்டில் எழும்பியிருந்தது. அடியில் இழைத்த இடத்தில், தேக்கின் மேல், முட்டை காய்ந்தது போல ஒரு பளபளப்பு.

“வித்துடலாம் மாமா,” என்றாள் செல்வி.

“ஒரு மரப்பலகைக்குப் பயந்து வித்தான்னு பேர் வரணுமா?”

ரங்கையா வருவதாகச் சொன்ன மாலை வந்தது. நல்ல மழை. செல்வி அவரை அழைத்து வரக் குடையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். மணிவேல் ஷிப்டில். அண்ணாதுரை குளித்து, வேட்டி மாற்றி, அலமாரியிலிருந்து துணிக்கட்டை எடுத்தார்.

துணி இருந்தது. சுற்றின மாதிரியே சுற்றியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

துணியை உதறிப் பார்த்தார். ரங்கையா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். காட்டத் தப்பை இல்லையென்றால், பெருமையடித்துக் கூப்பிட்டு ஏமாற்றினான் என்று புத்தூர் முழுக்கத் தெரியும். மறுபடி வெட்ட வேண்டும். மூங்கிலை மேஜையில் வைத்துத் தள்ளினார். உயர்ந்திருந்த தட்டின் ஓரத்தில் மூங்கில் இடித்து நின்றது. தட்டுக்கு அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. அதை எடுத்தால்தான் தட்டு இறங்கும். தட்டு இறங்கினால்தான் வெட்ட முடியும்.

மின்சாரம் போனது. தறிகள் நின்றன. ஓட்டின் மேல் மழை மட்டும்.

அவர் அவசரக்காரர் அல்ல. மின்சாரம் இல்லாவிட்டாலும் பிளக்கைக் கழற்றித் தரையில் போட்டார். பிளேடைக் கீழே இறக்கினார். தட்டை நெம்பி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முட்டை வாசனை முகத்தில் வந்து மோதியது. உள்ளே இருட்டு. வலக்கையைப் பிளேடின் பக்கமாக முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார்.

தூள். வெதுவெதுப்பான தூள். ஈரம். ஒரு தப்பை தட்டுப்பட்டது. வழவழப்பான ஓரம். அவர் வெட்டியதேதான், அவர் விரலுக்குத் தெரியும். பிடித்து இழுத்தார். வரவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக. கிடக்கவில்லை, ஏதோ ஒன்று ஏந்திப் பிடித்திருக்கிறது. கட்டுக்கு முன்னால் கையில் வாங்கி வைத்திருப்பார்களே, அது போல.

கையை வெளியே எடுக்கப் போனார்.

கை வரவில்லை.

மணிக்கட்டைச் சுற்றி விரல்கள். உலர்ந்தவை. முரட்டுத்தனம் இல்லை. பழகின கை. அவர் எலும்பின் மேல் விரல் நுனி நகர்ந்தது.

டொக், டொக். டொக்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு. மணிக்கட்டிலிருந்து விரலுக்கு. ஒவ்வொரு கணுவிலும் நின்றது. தேடியது. மறுபடி முதலிலிருந்து. பொறுமையாக.

முறிவைத் தேடுகிறது.

“முறியல,” என்றார் அண்ணாதுரை. அவருக்கே கேட்காத குரல். “எனக்கு முறியல. சோதனைக்குத்தான் வெட்டினேன்.”

தட்டுவது நின்றது.

மழை. அவர் மூச்சு. உள்ளே ஒரு யோசனை.

பிறகு பிடி இறுகியது. கட்டுக்காரர் இழுக்கும் முன் இறுக்குவாரே, அப்படி.

தப்பை தயாராக இருந்தது. அளவு சரியாக இருந்தது.

பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம். ஒரு முறை அல்ல. ஒவ்வொரு கணுவாக.

செல்வியும் ரங்கையாவும் வந்தபோது அவர் மெஷினுக்கு முன்னால் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலக்கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கட்டுப் போட்டு மடியில் இருந்தது. கட்டியிருந்தது வெள்ளை நூலால், முடிச்சு முடிச்சாக. தட்டு அதன் இடத்தில் இருந்தது. ரங்கையா டார்ச்சைப் பிடித்துக் கட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“ஒரு பிசிறு இல்ல,” என்றார். மறுபடி தடவினார். “கட்டு எவ்ளோ சுத்தமா விழுந்திருக்குது. யாரு பா கட்டுனது?”

செல்வி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“எங்க வீட்டுக் கட்டுதான்,” என்றார் அண்ணாதுரை.

“அவுத்துப் பாக்கலாமா?”

“வேணாம்.”

புத்தூரிலிருந்து நூல் மறுபடி வருகிறது. தப்பை போகிறது. வாய்த்தட்டு சமமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓரமும் உயர்வதில்லை. மெஷினின் அடியிலிருந்து சத்தம் இல்லை. மின்சாரம் போய்த் தறிகள் நிற்கும்போது மட்டும், வீட்டுக்குள், அவர் படுத்திருக்கும் கட்டிலின் சட்டத்தில், வலக்கைப் பக்கம் கேட்கிறது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். செல்வி அடுப்படியில் அப்படியே நின்றுவிடுகிறாள். அண்ணாதுரை இடக்கையால், கட்டுப் பிரிக்காத வலக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

ரம்பம் அண்ணாதுரையின் கையை வாங்கிவிட்டது, வலி பொறுக்காமல் அவர் ராத்திரியெல்லாம் கட்டிலைத் தட்டுகிறார் என்று நகரியில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அன்று மின்சாரம் இல்லை, பிளக் தரையில் கிடந்தது, ரம்பம் ஓடவில்லை. கை இருக்கிறது. விரல் ஐந்தும் இருக்கின்றன. அவருக்கு வலியும் இல்லை.

தட்டுவது அவர் அல்ல.